குட்டி முடியா, உடைந்த முடியா? நீளக் கூந்தல் கேள்வி-பதில்

கே: குழந்தை பிறந்து எட்டு மாதம் ஆகிறது. நெற்றியோரம் முழுக்க இரண்டு அங்குல முடி குத்திட்டு நிற்கிறது. எப்படிப் படிய வைப்பது? (வாசகி, மதுரை)

குழந்தை முகம் பார்த்துச் சிரித்தால் தாய்க்கு முடி கொட்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். மாதக் கணக்கு சரிதான். கர்ப்பத்தில் உதிராமல் நின்ற முடியெல்லாம் பிரசவத்துக்குப் பிறகு மூன்றாம், நான்காம் மாதத்தில் சேர்ந்தாற்போல் உதிரும். இப்போது நிற்பது அதே வேரிலிருந்து வந்த புது முடி. மாதம் ஒரு சென்டிமீட்டர், கொஞ்சம் கூடவே வளரும். சடைக்குள் அடங்க ஒரு வருஷமாவது ஆகும்.

அதுவரை: தலை முக்கால்வாசி காய்ந்ததும் பட்டாணி அளவு கற்றாழை ஜெல்லை உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டு, மென்மையான பழைய டூத்பிரஷில் தொட்டு, முடி வளரும் திசையிலேயே படிய வாருங்கள். எதிர்த்திசையில் வாரினால் பத்து நிமிஷத்தில் மறுபடி எழுந்துவிடும். மேலே காட்டன் துணியைப் பத்து நிமிஷம் கட்டி எடுத்தால் போதும். கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். வெட்டினால் மறுபடி முதலிலிருந்து வளர வேண்டும்.

கே: முடி பறக்கிறது. என்ன தடவலாம்? (வாசகி, ஊர் எழுதவில்லை)

ஊர் மட்டுமா எழுதவில்லை? முடி எவ்வளவு நீளம், சுருட்டையா நேரா, எந்தத் தண்ணீரில் குளிக்கிறீர்கள், சாயமோ ஸ்ட்ரெய்ட்டனிங்கோ போட்டீர்களா, எதுவுமே இல்லை. இப்படி எழுதினால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

முதலில் நுனியைப் பாருங்கள். உச்சியில் நிற்கும் குட்டி முடி ஒன்றைப் பிடுங்காமல் வெள்ளைத் தாளுக்கு முன்னால் வைத்துப் பாருங்கள். நுனி ஊசி போலக் கூர்ந்திருந்தால் புது முடி. மொட்டையாக இருந்தாலோ, இரண்டாகப் பிளந்திருந்தாலோ, வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ அது உடைந்த முடி. (கத்தரி பட்ட முடியும் மொட்டையாகத்தான் தெரியும். நெற்றியில் ஃப்ரிஞ்ச் வெட்டியவர்கள் அந்த இடத்தை விட்டுவிட்டுப் பாருங்கள்.) புது முடிக்கு ஜெல்லும் பொறுமையும் போதும். உடைந்த முடிக்கு என்ன தடவினாலும், எது உடைக்கிறதோ அதை நிறுத்தாத வரை பறந்துகொண்டேதான் இருக்கும்.

கே: ஏழாம் வகுப்பு படிக்கும் மகளுக்குப் பள்ளியில் ரெட்டைச் சடை மடித்துக் கட்ட வேண்டும். ஒரு முடி பறந்தாலும் திட்டு. எண்ணெய் வழிய வழிய இழுத்துப் பின்னி விடுகிறேன். ஆனாலும் காதோரம் முடி குறைந்துகொண்டே வருகிறது. வேறு எண்ணெய் சொல்லுங்கள். (ஒரு தாய், விருதுநகர்)

எண்ணெயை விடுங்கள். இழுப்பதுதான் காரணம். இதை ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன், இன்னும் எழுதுவேன்.

காலை ஏழு மணிக்கு இழுத்துக் கட்டிய சடை மாலை ஐந்து வரை காதோரத்து முடியைத் தொங்கிப் பிடித்திருக்கிறது. வாரத்தில் ஐந்தாறு நாள், வருஷத்தில் பத்து மாதம். வகிட்டோரம், காதுக்கு மேல், பிடரி, இந்த மூன்று இடத்திலும் முதலில் வலி வரும், அப்புறம் வேரில் சின்னச் சின்னக் கொப்புளம் வரும், பிறகு முடி மெலியும். நெற்றி விளிம்பில் மட்டும் மெல்லிய குட்டி முடி ஒரு வரிசை நிற்க, அதற்குப் பின்னால் வழுக்கை தெரிந்தால் இழுவை அதிகமாகிவிட்டது என்று பொருள். இந்தக் கட்டத்தில் நிறுத்தினால் பெரும்பாலும் திரும்ப வளரும். வருஷக்கணக்கில் தொடர்ந்தால் வேர் தழும்பாகிப்போகும். அதற்குப் பிறகு எந்த எண்ணெயாலும் முடி வராது.

பின்னும் விதத்தை மாற்றுங்கள். எண்ணெயை முந்தின இரவே ஒரு டீஸ்பூன் அளவு வையுங்கள். காலையில் ஊற்றினால் தூசிதான் ஒட்டும். பின்பக்க வகிட்டை வாரம் ஒரு முறை ஒரு விரல் தள்ளி எடுங்கள். சடையின் முதல் இரண்டு பின்னலுக்குள் உங்கள் சுண்டுவிரல் நுழைய வேண்டும். காதுக்குக் கீழே வந்த பிறகு இறுக்கிக்கொள்ளலாம். பின்னி முடித்ததும் பிள்ளையைப் புருவத்தைத் தூக்கச் சொல்லுங்கள். நெற்றியோரம் சுருக்கென்று இழுத்தால் அவிழ்த்துத் திரும்பப் பின்னுங்கள். பறக்கும் முடிக்கு ஒரு பங்கு ஜெல், மூன்று பங்கு தண்ணீர் கலந்து ஸ்ப்ரே பாட்டிலில் வைத்து, இரண்டு முறை அடித்து பிரஷால் படிய வாருங்கள். மளிகைப் பொட்டலத்து ரப்பர் பேண்டைத் தூக்கிப் போடுங்கள். துணி சுற்றிய பேண்டின் மேல் ரிப்பன் கட்டுங்கள். பிள்ளை வீடு திரும்பி, பையை வைத்ததும் சடையை அவிழ்த்துவிடுங்கள்.

இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்கும் சொல்கிறேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் நெற்றியில் பறப்பது வளர்கிற முடி. அதை ஒழுங்கீனம் என்று சொல்லிப் பிள்ளையை வெயிலில் நிறுத்தாதீர்கள்.

கே: போர் தண்ணீரில் குளிக்கிறேன். சீயக்காய் மட்டும்தான். ஆனாலும் முடி பிசிறு பிசிறாக நிற்கிறது. (வாசகி, நாமக்கல்)

தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு உப்பு முடியின் மேல் படிந்து சொரசொரப்பாக்கும். கடைசி அலசலுக்கு மட்டும் அரை வாளி குடிநீரோ மழைத் தண்ணீரோ வைத்துக்கொள்ளுங்கள். சீயக்காய் மட்டும் என்கிறீர்கள், அதை எப்படிப் போடுகிறீர்கள்? சலிக்காத தூளை உச்சியில் வைத்து அரக்கித் தேய்த்தால் அதுவே முடியைச் சிராய்க்கும். மெல்லிய துணியில் சலித்து, வடித்த கஞ்சியில் அரை மணி நேரம் ஊறவைத்து, கூழாகத் தலையோடு மட்டும் தடவுங்கள். நுனிக்கு வழிகிற நுரையே போதும். துவட்டுவதற்கு ஈரிழைத் துண்டு. ஒற்றி எடுங்கள், துண்டால் அடித்து உதறாதீர்கள்.

கே: ஈரத் தலையைச் சீவலாமா?

கூடாது. ஈர முடி ரப்பர் போல நீண்டு பிறகு அறும். சுருட்டை முடிக்காரர்கள் மட்டும் கண்டிஷனர் இருக்கும்போதே அகலப்பல் சீப்பால், நுனியிலிருந்து மேலாகச் சிக்கெடுக்கலாம். இழுக்காமல்.

கே: விளக்கெண்ணெய் தடவினால் குட்டி முடி சீக்கிரம் நீளுமா?

நீளாது. தனியாகப் பூசினால் பிசின் போல ஒட்டி, சீவும்போது இருக்கிற முடியும் உடையும். படிய வைக்க வேண்டுமென்றால் நாலு பங்கு தேங்காய் எண்ணெயில் ஒரு பங்கு. அதுவும் குளிப்பதற்கு முன்.

கே: ஐந்து மாதம் முன்பு ஸ்ட்ரெய்ட்டனிங் செய்தேன். வேரில் சுருட்டை முளைத்து, நடுவில் முடி ஒடிகிறது. (வாசகி, சென்னை)

ஐந்தாறு சென்டிமீட்டர் சுருட்டையும் அதற்குக் கீழே மருந்து தின்ற நேர் முடியும் சேரும் இடம்தான் பலவீனம். அங்கேதான் ஒடியும். தினமும் அயர்ன் வைத்து மேலே உள்ளதையும் நேராக்கினால் அதுவும் போய்விடும். திரும்பச் செய்வதானால் புது முடிக்கு மட்டும்தான் மருந்து. பழைய நீளத்தில் ஒரு சொட்டும் படக்கூடாது. வளர்த்துவிட முடிவு செய்தால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கீழே இரண்டு, மூன்று சென்டிமீட்டர் வெட்டிக்கொண்டே வாருங்கள்.

கே: நாட்டிய மேடையில் இரண்டு மணி நேரம் ஒரு முடியும் அசையக்கூடாது. சவுரி, பூ எல்லாம் உண்டு. (வாசகி, தஞ்சாவூர்)

ஆளி விதை இரண்டு டேபிள்ஸ்பூன், தண்ணீர் இரண்டு கப். எட்டுப் பத்து நிமிஷம் கொதித்து முட்டை வெள்ளைக்கரு போல நூல் விடும்போது, சூடாக இருக்கையிலேயே வடிகட்டுங்கள். ஆறினால் வடியாது. குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரம் இருக்கும். முக்கால்வாசி காய்ந்த முடியில் தடவி, படிய வாரி, முழுக்கக் காய்ந்த பிறகு சவுரி வையுங்கள். சவுரியின் கனம் நெற்றியோர முடியில் விழாமல், பின்னந்தலையில் போட்ட சின்னக் கொண்டையில் விழ வேண்டும். கச்சேரி முடிந்ததும் முதலில் பூவையும் சவுரியையும் கழற்றுங்கள், முகப்பூச்சு அப்புறம். ஜெல்லைச் சீவி எடுக்காதீர்கள், தண்ணீரில் கரைத்து அலசுங்கள்.

கே: நரை முடி மட்டும் கம்பி போல எழும்புகிறது. பிடுங்கலாமா?

வேண்டாம். அதே வேரில் அதே நரைதான் வரும், முதலில் இன்னும் குட்டியாக. இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயை விரல் நுனியில் தொட்டுத் தடவினால் படியும்.