கட்டணம் கட்டி வாங்கும் ‘அறிவியல் தூதர்’ பட்டம் எதற்கு உதவும்?

கேள்வி: நான் ஒரு பல்கலைக்கழகத்தில் பவளப்பாறைகளை ஆராய்ந்து வருகிறேன். எங்கள் கடலைப் பகிர்ந்துகொள்ளும் நான்கு நாடுகளின் ஆய்வாளர்களை ஒரு வலையமைப்பாகச் சேர்க்க விரும்புகிறேன். அவற்றுள் இரண்டு நாடுகளுக்கிடையே உறவு சரியில்லை. அண்மையில் ஒரு சர்வதேச மன்றம், பதிவுக் கட்டணம் செலுத்தினால் எனக்கு ‘அறிவியல் தூதர்’ பட்டம் தருவதாகவும், அரசுகளுக்கிடையே புரிந்துணர்வு ஒப்பந்தம் ஏற்படுத்தித் தருவதாகவும் எழுதியிருக்கிறது. கடவுச்சீட்டின் நகலை அனுப்பிவிட்டேன். பணம் இன்னும் அனுப்பவில்லை. இப்படியொரு ஒப்பந்தம் இல்லாமல் நாங்கள் சேர்ந்து வேலை செய்ய முடியுமா?

பதில்: பணத்தை அனுப்பாதீர்கள். உங்கள் கேள்விக்கும் விடை, முடியும் என்பதுதான். நீங்கள் செய்ய நினைக்கும் வேலையில் பெரும்பகுதிக்கு அரசுகளின் ஒப்பந்தம் தேவையில்லை. தேவைப்படும் ஓர் இடத்தைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கடிதம். இதுபோன்ற கடிதங்கள் எனக்கும் மாதந்தோறும் வருகின்றன. மேலே நீல நிறத்தில் உலக வரைபடம், அதைச் சுற்றி இலை மாலை, நடுவே உங்கள் பெயர், கீழே ‘இன்னும் மூன்று இடங்களே உள்ளன’ என்ற வரி, அதற்கும் கீழே பணம் செலுத்தும் இணைப்பு. சின்னத்தைப் பார்த்தவுடன் ஐக்கிய நாடுகள் சபையின் கடிதம் என்று கண் நம்பிவிடுகிறது. அந்தச் சபையின் பொருளாதார, சமூக மன்றத்திடம் ஆலோசனைத் தகுதி பெற்ற தொண்டு அமைப்புகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அத்தகுதி கூட்டங்களில் கலந்துகொள்ளவும் அறிக்கை அளிக்கவும் உதவுமே தவிர, எந்த அமைப்பையும் சபையின் உறுப்பாக ஆக்கிவிடாது. இடைத்தரகர்கள் அந்த வேறுபாட்டை வேண்டுமென்றே மங்கலாக்கித்தான் பிழைக்கிறார்கள். ‘தூதர்’ என்ற சொல்லும் அப்படியே. தூதர் என்பவர் ஒரு நாடு நியமித்து மற்றொரு நாடு ஏற்றுக்கொள்ளும் அதிகாரி. 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை வகுத்த முறை அது. தனியார் மன்றம் கட்டணம் வாங்கிக்கொண்டு தரும் பட்டத்தைக் காட்டி எந்தத் தூதரகத்தின் வாசலையும் தாண்ட முடியாது. அரசுகளுக்கிடையே ஒப்பந்தம் செய்துவைக்க எந்தத் தரகருக்கும் அதிகாரம் கிடையாது என்பதையும் சேர்த்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையான வழிகள் இருக்கின்றன. அவற்றில் யாரும் பட்டம் விற்பதில்லை. இத்தாலியின் திரியெஸ்தேயில் இயங்கும் உலக அறிவியல் அகாதெமியும் அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கமும் இணைந்து 2014 முதல் அறிவியல் ராஜதந்திரப் பயிற்சி, அதாவது அறிவியல் வழியாக நாடுகளின் உறவை வளர்க்கும் பயிற்சி, நடத்தி வருகின்றன. அதற்கு விண்ணப்பித்துத் தேர்வாக வேண்டும். அரசுகளுக்கு அறிவியல் ஆலோசனை வழங்குவோருக்கான சர்வதேச வலையமைப்பு ஒன்றும் 2014இல் உருவானது. வெளியுறவு அமைச்சகங்களின் அறிவியல் ஆலோசகர்களுக்கு 2016இல் தனி வலையமைப்பு அமைந்தது. உங்கள் நாட்டு அமைச்சகத்தில் அப்படியோர் ஆலோசகர் இருந்தால், அவருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். இல்லையென்றால் கோப்பு வெளியுறவிலிருந்து அறிவியல் அமைச்சகத்துக்கும், அங்கிருந்து மீண்டும் வெளியுறவுக்கும் போய்வரும். ‘கருத்து வேண்டப்படுகிறது’ என்ற ஒரே வரிக்காக ஓராண்டு காத்திருந்தவர்களை நான் அறிவேன். கோப்பைப் புரிந்துகொண்ட அதிகாரி அதற்குள் வேறு நாட்டுக்கு மாற்றலாகியிருப்பார். அடுத்து வருபவர் ‘இது எதைப் பற்றியது’ என்று முதலிலிருந்து கேட்பார். அதனால்தான் அமைச்சகத்தை நம்பி வேலையைத் தொடங்க வேண்டாம் என்கிறேன்.

வேலையை எப்படித் தொடங்குவது? சிறிதாகத் தொடங்குங்கள். அணு ஆயுத அபாயத்தைப் பேசுவதற்காக 1957 ஜூலையில் கனடாவின் பக்வாஷ் என்னும் சிற்றூரில் கூடியவர்கள் 22 அறிவியலாளர்கள் மட்டுமே. பனிப்போரின் இரு தரப்பையும் சேர்ந்தவர்கள் அங்கே ஒரு வீட்டில் உட்கார்ந்து பேசினார்கள். அதில் தொடங்கிய அமைப்பு 1995இல், அதன் நிறுவனர்களில் ஒருவரான இயற்பியலாளர் ஜோசப் ராட்பிளாட்டோடு சமாதான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டது.

ஜோர்டானில் உள்ள செசமி ஒளிமூலமும், அதாவது துகள் முடுக்கியால் செறிந்த ஒளியை உண்டாக்கி ஆய்வுக்குத் தரும் நிலையமும், உங்களுக்குப் பயன்படும் எடுத்துக்காட்டு. பெர்லினில் பயன்பாடு முடிந்து பிரித்தெடுக்கப்படவிருந்த ஒரு துகள் முடுக்கியை மத்திய கிழக்குக்குக் கொண்டுபோகலாமே என்ற யோசனை 1997இல் எழுந்தது. எந்திரம் பெட்டிகளில் வந்து சேர்ந்தது. கட்டடத்தின் கூரை 2013 டிசம்பரில் பனியின் பாரம் தாங்காமல் இடிந்தது. நிலையம் 2017 மே மாதத்தில்தான் திறக்கப்பட்டது. இஸ்ரேலும் ஈரானும், துருக்கியும் சைப்ரஸும் அதன் நிர்வாக மன்றத்தில் ஒரே மேசையைச் சுற்றி அமர்கின்றன. அவர்களை இருபது ஆண்டுகள் அங்கே பிடித்துவைத்தது நட்பைப் பற்றிய உரைகள் அல்ல. எந்திரத்தை எப்படி ஓடவைப்பது என்ற கேள்வியும் இளைஞர்களுக்கு நடத்திய பயிற்சி முகாம்களுமே.

உங்களுடைய எந்திரம் ஒரு நிற அட்டை. நான்கு நாடுகளிலும் நான்கு பேர், ஒரே அச்சில் வந்த நிற அட்டையைப் பவளத்தின் அருகே பிடித்து, மாதத்தின் ஒரே வாரத்தில், ஒரே ஆழத்தில் பவளம் நிறமிழந்து வெளிறியிருக்கும் அளவைக் குறித்து, கூடவே நீரின் வெப்பநிலையையும் ஒரு பொது அட்டவணையில் எழுதட்டும். ஓராண்டில் உங்கள் கையில் இருக்கும் அந்த அட்டவணைதான் வலையமைப்பு. உறவு சரியில்லாத இரு நாட்டினரையும் தொடக்கத்திலேயே மேடையில் கைகுலுக்க வைக்க வேண்டாம். புகைப்படம் வெளியானால் அவர்களுடைய ஊரில் சங்கடம் அவர்களுக்குத்தான், உங்களுக்கு இல்லை.

ஒப்பந்தம் இருந்தால் பாதுகாப்பு என்பதும் முழு உண்மை அல்ல. ரஷ்யாவுடனான ஒத்துழைப்பு ஒப்பந்தம் 2024 நவம்பர் இறுதியில் முடிவுக்கு வந்தபோது, ஜெனீவா அருகே உள்ள ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகமான சேர்ன் அதைப் புதுப்பிக்கவில்லை. அதற்குள் பிற நாட்டு நிறுவனங்களில் இடம் தேடிக்கொண்டவர்கள் தங்கள் ஆய்வைத் தொடர முடிந்தது.

இனி, அரசின் கையெழுத்து இல்லாமல் நகரவே கூடாத இடம். கடிதம், கூட்டம், அளவீட்டு முறை, இணைந்து எழுதும் கட்டுரை ஆகியவை ஒரு பக்கம். எல்லையைத் தாண்டும் பொருள் மறுபக்கம். பவளத்தின் ஒரு துண்டைச் சிறு குப்பியில் போட்டுப் பையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறாதீர்கள். கற்பவளங்கள் அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகத்துக்கான சர்வதேச உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளன; ஆய்வுக்கு என்று சொன்னாலும் உரிய அனுமதிச் சீட்டு வேண்டும். அதற்கு மேல், 2010இல் ஏற்கப்பட்டு 2014இல் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறை இருக்கிறது: மரபுவளம், அதாவது உயிரினங்களின் மரபுப் பொருள், எந்த நாட்டினுடையதோ அந்த நாட்டின் முன் ஒப்புதலையும், பயனை எப்படிப் பகிர்வது என்ற உடன்பாட்டையும், அந்த நாடு கோரும்போது, மாதிரியை எடுப்பதற்கு முன்பே பெற வேண்டும். எடுத்த பிறகு கேட்டால் அது ஒப்புதல் ஆகாது. நண்பர் தானாகவே அஞ்சலில் அனுப்பினார் என்பதும் விடுதலை தராது. அனுப்பியவரும் பிடிபடலாம், அவருடைய வேலையும் போகலாம். கப்பலுக்கும் இப்படியே: அடுத்த நாட்டின் பிரத்தியேகப் பொருளாதார மண்டலத்தில், அதாவது கடல்வளத்தின் மீது அந்த நாட்டுக்கே உரிமையுள்ள கடற்பரப்பில், கடல் ஆய்வு செய்ய, ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின்படி ஆறு மாதங்களுக்கு முன்பே விவரங்களைக் கொடுத்து அந்த நாட்டின் இசைவைப் பெற வேண்டும், அதுவும் அதிகாரபூர்வ வழியில். இந்த இரண்டுக்கும்தான் அரசின் கையெழுத்து வேண்டும். அப்போது கையில் ஓராண்டு அட்டவணை இருந்தால், அதிகாரியும் பொறுமையாகப் படிப்பார்.

கடவுச்சீட்டின் நகலைப் பற்றி. கடிதத்தை அழிக்காதீர்கள், பதிலும் எழுதாதீர்கள். அனுப்பிய நாள், முகவரி, நீங்கள் கொடுத்த விவரங்கள் அனைத்தையும் குறித்துப் பல்கலைக்கழகத்தின் சர்வதேச உறவுப் பிரிவுக்கு எழுத்தில் தெரிவித்து, அதன் பிரதியோடு இணையக் குற்றப் பிரிவிலும் புகார் பதிவுசெய்யுங்கள். உங்கள் பெயரும் படமும் அந்த மன்றத்தின் ‘தூதர்கள்’ பட்டியலில் ஏற்கெனவே ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஏறியிருந்தால், அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, நீக்கக் கோரும் கடிதத்தை நீங்கள் அனுப்பாமல் பல்கலைக்கழகத்தின் பதிவாளர் வழியாக அனுப்பச் செய்யுங்கள்.