சதுக்கத்தில் நிற்க அனுமதி வேண்டுமா?

கேள்வி: லண்டனில் படிக்கிறேன். நாடாளுமன்றச் சதுக்கத்தில் பதினைந்து பேர் பதாகைகளுடன் நிற்கத் திட்டமிட்டுள்ளோம். புதிய சட்டங்களின்படி காவல்துறையிடம் அனுமதி பெற வேண்டுமா? ஒலிபெருக்கி வைத்துக்கொள்ளலாமா?

பதில்: ஓரிடத்தில் கூடி நிற்பதற்குக் காவல்துறையின் அனுமதி தேவையில்லை. ஆனால் சதுக்கத்தின் நடுவிலுள்ள புல்வெளியில் கூடுவதானால் லண்டன் மேயர் நிர்வாகத்தின் எழுத்து அனுமதி வேண்டும். ஊர்வலமாகச் செல்வதானால், 1986 ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டப்படி, நாள், நேரம், பாதை ஆகியவற்றை முழுதாக ஆறு நாள்களுக்கு முன்பே ஏற்பாட்டாளர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதுவும் அறிவித்தலே, விண்ணப்பம் அன்று. ஒலிபெருக்கிக்கும் முன் அனுமதி வேண்டும். 2009 இல் நம்மவர்கள் வாரக்கணக்கில் நின்ற அந்தச் சதுக்கத்தில், 2011 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு கூடாரம் அடிப்பதற்கும் தடை உண்டு.

2022 ஆம் ஆண்டுச் சட்டம் இரைச்சலைக் காரணம் காட்டியும் போராட்டங்களுக்கு நிபந்தனை விதிக்கக் காவல்துறைக்கு அதிகாரம் தந்தது. விவாதம் முழுவதும் அந்த இரைச்சலைச் சுற்றியே நடந்தது. எனக்கோ அதைவிடக் கவலை தருவது, பலர் கவனிக்காத ஒரு சொல்மாற்றம். முன்பு நிபந்தனை உங்களுக்குத் தெரிந்திருந்தது என்பதை அரசுத் தரப்பு நிறுவ வேண்டும்; இப்போது 'தெரிந்திருக்க வேண்டியவர்' என்று காட்டினாலே போதும். நான்கு மணிக்குக் கலைய வேண்டும் என்ற உத்தரவு காவல்துறையின் சமூக ஊடகப் பக்கத்தில் வரைபடத்துடன் வெளியாகி, அதைப் பார்க்காமல் நீங்கள் நாலரை மணிக்கும் நின்றிருந்தால், 2,500 பவுண் வரை அபராதம் விதிக்கப்படலாம். ஆகவே புறப்படுமுன் அந்தப் பக்கத்தைப் பாருங்கள். அங்கு போனதும் நிபந்தனை ஏதும் உண்டா என்று அதிகாரியிடம் கேட்டு, பதிலை நேரத்துடன் குறித்துக்கொள்ளுங்கள்.

பையையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். உடலைப் பிணைத்துக்கொள்ளும் நோக்கில் பூட்டோ சங்கிலியோ வைத்திருப்பதை 2023 ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. அது நடைமுறைக்கு வந்த சில நாள்களிலேயே, மே 6 முடிசூட்டு விழாவின்போது, பெட்டி கட்டும் பட்டிகள் வைத்திருந்த முடியாட்சி எதிர்ப்பாளர்கள் கைதாகினர். பின்னர் வழக்கின்றி விடுவிக்கப்பட்டு, காவல்துறையும் வருத்தம் தெரிவித்தது. மிதிவண்டியில் வந்தால் பூட்டு வண்டியிலேயே இருக்கட்டும்.

வீதிமறியல்களை அடக்கவே இந்த அதிகாரங்கள் என்று அன்றைய அரசு வாதிட்டது. ஆனால் நிபந்தனை விதிக்கத் தேவையான 'கடுமையான இடையூறு' என்பதைச் 'சிறிதளவுக்கு மேற்பட்ட' இடையூறாகத் தளர்த்திய அதன் ஒழுங்குவிதி சட்டவிரோதமானது என 2024 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்க, 2025 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. எனவே அளவுமீறிய நிபந்தனையை எதிர்த்து வழக்காட இடமுண்டு. களத்தில் மட்டும் அதற்குக் கீழ்ப்படியுங்கள். கைதானால் காவல் நிலையத்தில் சட்டத்தரணியின் உதவி இலவசமாகக் கிடைக்கும். கைபேசியை வாங்கிவைத்துவிடுவார்கள் என்பதால், வேண்டியவர்களின் எண்களைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.