கோர்ட் வரை குழந்தையோடு யார் வருவார்கள்? வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் சில, பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தைக்கு வழக்கு முடியும் வரை யார் துணை என்ற ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்ததால் அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்களின் பெயரும் ஊரும் இல்லை. பாதிக்கப்பட்ட குழந்தை யார் என்று ஊகிக்க வைக்கும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 23வது பிரிவு. சட்டம் சொல்லாவிட்டாலும் அப்படித்தான் செய்ய வேண்டும்.

கேள்வி: என் அக்கா மகளுக்கு ஒன்பது வயது. தெரிந்தவர் ஒருவர் அவளிடம் தவறாக நடந்துகொண்டதை அவளே அம்மாவிடம் சொல்லிவிட்டாள். மகளிர் காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். போட்டாகிவிட்டது. அதற்கப்புறம் யாரைக் கேட்டாலும் சரியான பதில் இல்லை. அக்கா தினக்கூலிக்குப் போகிறவள், மாமா தவறிவிட்டார். "சம்மன் வரும், அப்போ கூட்டிட்டு வாங்க" என்று மட்டும் சொல்கிறார்கள். குழந்தை இப்போதே ராத்திரி தூங்குவதில்லை. கடைசி வரை எங்களோடு கூட நிற்க யாராவது கிடைப்பார்களா? எவ்வளவு செலவாகும்?

பதில்: கிடைப்பார்கள், உங்களுக்கு ஒரு ரூபாய் செலவு இல்லை. அவரை 'ஆதரவு நபர்' என்பார்கள். போலீஸ் விசாரணை தொடங்கி வழக்கு முடியும் வரை குழந்தைக்கும் குடும்பத்துக்கும் துணையாக இருக்க, உங்கள் சம்மதத்தோடு அப்படி ஒருவரை மாவட்டக் குழந்தைகள் நலக் குழு நியமிக்கலாம் என்று 2020ஆம் ஆண்டு போக்சோ விதிகளில் இருக்கிறது. புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் போலீஸ் அந்தக் குழுவுக்குத் தெரிவித்திருக்க வேண்டும், எனவே உங்கள் வழக்கு அங்கே பதிவாகியிருக்க வேண்டும். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், இப்படி ஒருவரைக் கேட்கும் உரிமை இருக்கிறது என்பதை எல்லா வழக்கிலும் பெற்றோருக்குச் சொல்லியாக வேண்டும் என்றது. உங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்றால் தவறு உங்களுடையது இல்லை.

சரி, நாளைக்கே என்ன செய்வது? ஒரு வெள்ளைத்தாளில் எஃப்.ஐ.ஆர். எண், காவல் நிலையம், குழந்தையின் வயது, 'எங்களுக்கு ஆதரவு நபர் நியமிக்க வேண்டும்' என்ற ஒரு வரி, இவ்வளவு எழுதி அக்கா கையெழுத்துப் போடட்டும். குழந்தைகள் நலக் குழுவிடம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் கலெக்டர் அலுவலகத்தில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு எது என்று கேளுங்கள், அல்லது குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குக் கூப்பிடுங்கள். நியமனம் நடந்தால் 24 மணி நேரத்துக்குள், போக்சோ வழக்குகளை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் அது எழுத்தில் போக வேண்டும், அது போனதா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

வக்கீல்தான் இருக்கிறாரே, இவர் எதற்கு என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். அரசு வக்கீல் அரசுக்காக வழக்கை நடத்துகிறவர், அவர் கையில் எத்தனையோ வழக்குகள். குழந்தை சாப்பிட்டதா, பள்ளிக்கூடம் போகிறதா, எதிராளி தரப்பிலிருந்து யாராவது வீட்டுக்கு வந்து "சமாதானமாப் போயிடலாம்" என்று மிரட்டுகிறார்களா என்பதெல்லாம் அவர் பார்வைக்கே வராது. ஆதரவு நபர் இதையெல்லாம் பார்த்து மாதாமாதம் குழந்தைகள் நலக் குழுவுக்கு அறிக்கை கொடுக்க வேண்டும்: உடம்பு எப்படி இருக்கிறது, மனசு தேறுகிறதா, படிப்பு தொடர்கிறதா, வேறு பள்ளிக்கூடம் மாற்ற வேண்டுமா என்று. தூங்காத குழந்தைக்கு மனநல ஆலோசனை கேட்டு வாங்குவதும் இதில் சேரும். அதற்கு கோர்ட் தேதி வரும் வரை காத்திருக்காதீர்கள்.

கோர்ட்டில் அக்கா மகளுக்கு என்னென்ன பாதுகாப்பு உண்டு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் கேட்காவிட்டால் சில இடங்களில் கிடைப்பதில்லை. விசாரணை மூடிய அறையில் நடக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் அவள் கண்ணில் படக் கூடாது, திரை வைத்தோ வீடியோ மூலமோ அதைச் செய்யலாம். எதிர்த்தரப்பு வக்கீல் நேரடியாகக் குழந்தையைக் கேட்க முடியாது, கேள்வியை நீதிபதியிடம் கொடுக்க வேண்டும், அவர்தான் கேட்பார். நடுவில் ஓய்வு உண்டு, நம்பிக்கையான ஒருவர் பக்கத்தில் இருக்கலாம், திரும்பத் திரும்ப வரச்சொல்லக் கூடாது. போலீஸ் வாக்குமூலம் வாங்க வரும்போது சீருடையில் வரக் கூடாது. உங்களுக்கென்று தனி வக்கீல் வேண்டுமென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாகத் தரும். வழக்கு முடியும் முன்பே இடைக்கால இழப்பீடும் கேட்கலாம். தினக்கூலி வீட்டில் ஒவ்வொரு கோர்ட் தேதியும் ஒரு நாள் சம்பளம் போகிற நாள், அதனால் அக்கா கூச்சப்படாமல் கேட்கட்டும்.

கேள்வி: ஆதரவு நபர் குழந்தைக்கு 'சொல்லிக் கொடுத்துவிட்டார்' என்று எதிர்த்தரப்பு சொல்லிவிட்டால் வழக்கே போய்விடாதா? எங்கள் ஊரில் ஒரு வக்கீல் அப்படிப் பயமுறுத்துகிறார்.

பதில்: பயம் நியாயமானது, ஆனால் வழி இருக்கிறது. நடந்த சம்பவத்தைப் பற்றி ஆதரவு நபர் குழந்தையிடம் துருவிக் கேட்கவே கூடாது, ஒத்திகை பார்க்கவும் கூடாது. அவர் செய்ய வேண்டியது வேறு. கோர்ட்டை முன்கூட்டியே ஒருநாள் காட்டுவது, யார் எங்கே உட்காருவார்கள், கழிப்பறை எங்கே என்று சொல்வது. "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு, ஞாபகம் இல்லைன்னா இல்லைன்னு சொல்லு, கேள்வி புரியலைன்னா திரும்பக் கேக்கலாம்" என்று தைரியம் சொல்வது. இதில் ஒரு வரி கூட சாட்சியத்தை மாற்றாது. குழந்தை தானாகவே ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள்ளலாம், தடுக்க வேண்டாம், மேலே கேள்வி போடவும் வேண்டாம். வீட்டாருக்கும் இதே விதிதான். சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து "என்னம்மா நடந்துச்சு" என்று கேட்பதுதான் உண்மையில் குழந்தையையும் வழக்கையும் சேர்த்துக் கெடுக்கிறது.

கேள்வி: நாங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து ஒரு சிறிய அறக்கட்டளை நடத்துகிறோம். எங்கள் மாவட்டத்தில் இந்தச் சேவையைத் தொடங்கலாமா? நல்ல மனசு இருந்தால் போதுமா?

பதில்: தொடங்குங்கள், ஆனால் நல்ல மனசு மட்டும் போதாது. குழந்தை உரிமைக்காக வேலை செய்யும் அமைப்புகளை ஆதரவு நபராக நியமிக்க விதியில் இடம் இருக்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஒரு பட்டியல் வைத்திருக்கும், அதில் முதலில் பதிவு செய்ய வேண்டும். சமூகப்பணியோ உளவியலோ படித்து, குழந்தைகளோடு வேலை செய்த அனுபவம் உள்ள ஒருவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் அழுத்திச் சொல்ல நினைப்பது ஒன்றுதான்: ஒரு குழந்தைக்கு முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை ஒரே ஆள் வர வேண்டும். போலீஸ், டாக்டர், மாஜிஸ்திரேட், நலக் குழு, சிறப்பு நீதிமன்றம் என்று ஒவ்வொரு இடத்திலும் புதுப்புது முகங்களைப் பார்த்து முதலிலிருந்து ஆரம்பிப்பதுதான் அந்தக் குழந்தைகளை அரைக்கிறது. ஐஸ்லாந்தில் 1998இல் பர்னஹூஸ் என்று ஒரு வீட்டைத் திறந்து, விசாரணை, மருத்துவப் பரிசோதனை, சிகிச்சை எல்லாவற்றையும் அந்த ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்தார்கள், அதிகாரிகள் குழந்தை இருக்கும் இடத்துக்கு வரட்டும் என்று. நம் மாவட்டத்தில் அந்தக் கட்டடம் இல்லாவிட்டாலும் மாறாத அந்த ஒரு ஆளை நீங்கள் தர முடியும். ஓராண்டுக்குள் முடிந்தவரை விசாரணையை முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் வழக்குகள் அதைத் தாண்டி இழுக்கின்றன. அதனால் பாதியில் விட்டுப் போகிறவர்களை ஆரம்பத்திலேயே சேர்க்காதீர்கள், ஒருவருக்கு நிறைய வழக்குகளும் கொடுக்காதீர்கள். இந்தக் கதைகளைக் கேட்டுக் கேட்டு உங்கள் ஆட்களுக்கே தூக்கம் கெடும், அவர்கள் மனம்விட்டுப் பேச ஒரு ஆலோசகரை முதல் மாதத்திலேயே ஏற்பாடு செய்யுங்கள். குடும்பத்துக்கு இது இலவசம்தான், ஆனால் உங்கள் ஆட்களைச் சம்பளம் இல்லாமல் வேலை வாங்க வேண்டாம். திறன் பெற்ற தொழிலாளிக்கான குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாமல் ஆதரவு நபருக்குத் தர வேண்டும் என்று விதியே இருக்கிறது, அதை அரசிடம் கேட்டு வாங்குங்கள்.

பையன்களையும் மறக்காதீர்கள். போக்சோ 18 வயதுக்கு உட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும்தான், ஆனால் பையனுக்கு நடந்தால் பல வீடுகளில் வெளியே சொல்வதே இல்லை. காது கேளாத, பேச முடியாத குழந்தைகளுக்குச் சைகை மொழி தெரிந்தவர் வேண்டும், அந்தப் பட்டியலும் அலகிடம் இருக்க வேண்டும்.

கேள்வி: ஆதரவு நபரை நியமித்துவிட்டார்கள், ஆனால் என் மகனுக்கு அவரைப் பிடிக்கவில்லை. மாற்றக் கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ?

பதில்: கோபித்தாலும் பரவாயில்லை, நீங்களும் மகனும் குழந்தைகள் நலக் குழுவிடம் கேளுங்கள். ஏன் வேண்டாம் என்று உங்கள் மகன் காரணம் சொல்லத் தேவையில்லை, விதியிலேயே அப்படித்தான் இருக்கிறது.