பேய் கண்ட குவார்ட்டர்பேக்

அன்புள்ள சார்,

ஒஹையோவில் வசிக்கிறேன். சனிக்கிழமையானால் மகனோடு உட்கார்ந்து காலேஜ் ஃபுட்பால் (அமெரிக்க ஃபுட்பால்தான்) பார்ப்பது வழக்கமாகிவிட்டது. பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஒருவனைக் காட்டி, "இவன் பெரிய ஆளா வருவான்" என்கிறான். எப்படிடா என்றால், "எவ்ளோ தூரம் வீசுறான் பாருங்கப்பா" என்கிறான். என்எஃப்எல் என்கிற தொழில்முறை லீகின் அணிகள் உயரம், உள்ளங்கை, ஓட்டம் என்று எல்லாவற்றையும் அளந்துதானே எடுக்கின்றன? அப்படியும் ஏன் இவ்வளவு கோட்டை விடுகிறார்கள்?

ஆர்., கொலம்பஸ்

அன்புள்ள ஆர்.,

அணிகள் முறைவைத்துக் காலேஜ் ஆட்டக்காரர்களை எடுக்கும் டிராஃப்டில், பிற்பாடு பெரிய நட்சத்திரமான டாம் பிரேடி 2000-இல் 199-ஆவது ஆளாகப் போன கதை உங்கள் மகனுக்கே தெரிந்திருக்கும், விட்டுவிடுகிறேன். நான் திரும்பத் திரும்ப யோசிப்பது 2018 டிராஃப்டைத்தான். முதல் சுற்றிலேயே ஐந்து குவார்ட்டர்பேக்குகள். ஐந்தாமவர் லமார் ஜாக்சன், 32-ஆவது இடம். "பேசாமல் பந்தைப் பிடிக்கிற ரிசீவராக மாறிவிடட்டும்" என்று பழம் தின்று கொட்டை போட்டவர்களே சொன்னார்கள். 2019 சீசனில் லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருது, ஒரு ஓட்டுகூடச் சிதறாமல், அவருக்கு. அவருக்கு முன்பே எடுக்கப்பட்ட, வீச்சில் நேர்த்தியானவர் என்று பெயரெடுத்த ஜாஷ் ரோஸனை அரிசோனா ஒரே வருஷத்தில் மயாமிக்குத் தள்ளிவிட்டது.

அந்த ஐவரில் இன்னொருவரான ஜாஷ் ஆலன் விஷயத்தில் நானும் ஏமாந்தேன். வயோமிங் காலேஜில் அவர் வீசியதில் நூற்றுக்கு 56தான் ஆள் கைக்குப் போய்ச் சேர்ந்தது. காலேஜில் குறி தவறுகிறவன் மேலே போய்த் திருந்த மாட்டான் என்பது என் கணக்கு. 2020-இல் என்எஃப்எல்லின் பஃபலோ அணியில் அது 69-ஐத் தாண்டியது.

சரி, எதைப் பார்ப்பது? மகனை அடுத்த சனிக்கிழமை பந்தைப் பார்க்காமல் இருக்கச் சொல்லுங்கள். எதிரணித் தடியர்கள் காவலை உடைத்துக்கொண்டு வரும்போது ஹெல்மெட் எந்தப் பக்கம் திரும்புகிறது? முதல் ரிசீவர் சிக்கிக்கொண்டால் அடுத்தவனைத் தேடுகிறதா, இல்லை மேலே விழப்போகிறவனைப் பார்க்கிறதா? எல்லாம் மூன்று வினாடிக்குள். அரைக்கால் சட்டையோடு வீசிக்காட்டும் தேர்வில் இது தெரியாது, அங்கே அடிக்க யாரும் வருவதில்லை. பெரிய காலேஜ்களில் இன்னும் கஷ்டம். முன்னால் காவல் நிற்கிறவர்கள் மலை மாதிரி. பையன் சட்டையில் அழுக்கே படாது. அவன் அணி தோற்றுக்கொண்டிருக்கும் ஆட்டமாகத் தேடிப் பாருங்கள்.

அப்புறம், போய்ச் சேரும் இடம். அதே 2018-இல் மூன்றாவதாக எடுக்கப்பட்டவர் சாம் டார்னால்டு. 2019 அக்டோபரில் நியூ இங்கிலாந்து அணி அவருடைய நியூயார்க் ஜெட்ஸை 33-0 என்று நசுக்கிக்கொண்டிருந்தபோது, பெஞ்சில் உட்கார்ந்து "எனக்குப் பேய் தெரிகிறது" என்றார். வராத ஆளும் வருவதாகத் தோன்றுகிறது என்று அர்த்தம். உடம்பில் மைக் இருந்தது, நாடே கேட்டது. பாவம், கேலி செய்யாதவர்கள் இல்லை. ஜெட்ஸ் அவரைக் கைகழுவியது, கரோலினாவிலும் நிலைக்கவில்லை, சான் ஃபிரான்சிஸ்கோவில் மாற்று ஆள். 2024-இல் மினசோட்டா போனார். ஜஸ்டின் ஜெஃபர்சன் மாதிரி ஒரு ரிசீவர், தானே குவார்ட்டர்பேக்காக இருந்த கெவின் ஓ'கானல் பயிற்சியாளர். அந்த சீசனில் 14 வெற்றிகள். ஜெட்ஸ் ஆளைத் தப்பாக எடைபோடவில்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

அதிருக்கட்டும், உங்கள் மகன் காட்டிய பையன் யார்? பெயரே எழுதவில்லையே.