பென் டிரைவில் நின்று நின்று ஓடும் வீடியோ

கேள்வி: அண்ணை, எங்கள் கோயில் திருவிழாவில் நடந்த தவில், நாதஸ்வரக் கச்சேரியைக் கமராவில் எடுத்து, ரெக்கோடரில் தனியாகப் பதிந்த சத்தத்தையும் சேர்த்து எம்பி4 ஆக்கினேன். கணினியில் நன்றாக ஓடுகிறது. பென் டிரைவில் போட்டு ரீவியில் செருகினால் நின்று நின்று ஓடுகிறது, இடையிடையே சத்தமும் இல்லை. ஒரே கோப்புக்குள் படமும் சத்தமும் எப்படித்தான் இருக்கின்றன?
- வாசகர், இணுவில்

பதில்: தம்பி, உங்கள் பதிவின் தரத்தைச் சந்தேகப்படுவதற்கு முதல் உள்ளே அது எந்த வரிசையில் எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். எம்பி4 வெறும் கொள்கலன்தான். படம் ஒரு ஓடை, ஒலி இன்னொரு ஓடை. ஆனால் கோப்பு என்பது முதல் பைட்டில் தொடங்கிக் கடைசிப் பைட் வரை போகிற ஒரே வரிசை என்பதால், இரண்டையும் துண்டுகளாக்கி, கொஞ்சம் படம், அதே நேரத்துக்குரிய சத்தம், பிறகு அடுத்த படம் என்று மாறி மாறி அடுக்க வேண்டும். நொடிக்கு 25 படம் என்றால் ஒரு படம் 40 மில்லிநொடி. ஒலியை நொடிக்கு 48,000 முறை அளந்து பதிந்தால் (ஒவ்வொரு அளவும் ஒரு மாதிரி), ஏஏசி என்ற ஒலிச் சுருக்க முறையில் வழக்கமான ஒலித்துண்டு ஒன்று 1,024 மாதிரிகள், அதாவது சுமார் 21 மில்லிநொடி. அவ்வளவு பொடியாக மாற்ற வேண்டிய அவசியமில்லை, அரை நொடி, ஒரு நொடிக்கு ஒருமுறை மாறினாலே போதும்.

1992 இல் மைக்ரோசொஃப்ட் ஏவிஐ என்ற வீடியோக் கோப்பு வடிவத்தைக் கொண்டுவந்த காலத்தில் ஒற்றை வேக சீடி டிரைவ் நொடிக்கு 150 கிலோபைட்தான் வாசிக்கும், வாசிக்கும் தலை அங்குமிங்கும் ஓடத் தொடங்கினால் அதுவும் கிடைக்காது, ஆகவே மாறி மாறி அடுக்காமல் வழியே இல்லை. எம்பி4 இல் அப்படிக் கட்டாயம் கிடையாது. அதில் 'மூவ்' என்ற அட்டவணைப் பகுதி, எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடும். முழுப் படத்தையும் முன்னால் எழுதிவிட்டு முழுச் சத்தத்தையும் பின்னால் எழுதினாலும் கோப்பு செல்லுபடியாகும். உங்களுடையது அப்படி எழுதப்பட்டிருக்கலாம் என்பது என் ஊகம். நொடிக்கு 8 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரப் படம் 3.6 ஜிகாபைட், அவ்வளவு தூரம் தள்ளிக் கிடக்கிற சத்தத்தை எடுக்க ரீவி திரும்பத் திரும்பப் போய்வர வேண்டும். எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகம் உள்ள கணினிக்கு அது பொருட்டில்லை, சின்ன நினைவகம் உள்ள ரீவி திணறிவிடும்.

தயவுசெய்து எடிட்டிங் மென்பொருளில் திரும்ப எக்ஸ்போர்ட் செய்ய வேண்டாம், மறுபடி சுருக்கினால் தரம் போகும், போனது திரும்பி வராது. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச வீடியோ மென்பொருளில் படம், ஒலி இரண்டுக்கும் 'காப்பி' என்று கொடுத்துப் புதிய கோப்பாக எழுதுங்கள். அது துண்டுகளைத் தொடாமல் வரிசையை மட்டும் சரிசெய்யும், ஏறக்குறைய கோப்பைப் பிரதி எடுக்கிற நேரம்தான் ஆகும். கூடவே 'ஃபாஸ்ட்ஸ்டார்ட்' தெரிவையும் போட்டால் கடைசியில் கிடக்கும் மூவ் பகுதி முன்னுக்கு வந்துவிடும், ரொறன்ரோவில் இருக்கிற சொந்தக்காரர் இணையத்தில் பார்க்கும்போது முழுவதும் இறங்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அப்புறமும் திக்கினால் வேகமான வேறு பென் டிரைவில் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: தொடக்கத்தில் சத்தமும் படமும் ஒத்துப் போகின்றன, போகப் போகச் சத்தம் விலகுகிறது. இதற்கும் அடுக்கு வரிசைதான் காரணமா?
- வாசகி, சாவகச்சேரி

பதில்: இல்லை. எந்தத் துண்டு எத்தனையாவது நொடியில் வர வேண்டும் என்ற நேரக்குறியும் கோப்பிலேயே இருக்கிறது, பிளேயர் அதைப் பார்த்துத்தான் ஓட்டும், ஆகவே வரிசை மோசமென்றால் திக்குமே தவிர இப்படி மெல்ல மெல்ல விலகாது. சத்தத்தை ரெக்கோடரில் தனியாகப் பதிந்திருந்தால், கமராவும் ரெக்கோடரும் தனித்தனிக் கடிகாரத்தில் ஓடுபவை. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 180 மில்லிநொடி, தவில் அடியில் அது அப்பட்டமாகத் தெரியும். தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே அடியைப் பிடித்து இடைவெளியை அளந்து, அந்த அளவுக்கு ஒலியை மட்டும் நீட்டவோ குறுக்கவோ செய்யுங்கள். போனில் எடுத்த வீடியோ என்றால் அதன் படவீதம் (நொடிக்கு எத்தனை படம் என்பது) நிலையாக இருந்ததா என்றும் பாருங்கள், வெளிச்சம் குறையும்போது பல போன்கள் படவீதத்தைத் தாமாகவே குறைத்துவிடும், சில எடிட்டிங் மென்பொருள்கள் அதைக் கவனிப்பதில்லை.