பொய்ப்பணம், நிஜ விலை: காமிக்ஸ் முதலீட்டு ஆட்டம் – கேள்வி பதில்

ஆட்டம் இதுதான். ஆறு பேர், ஆளுக்கு 10,000 டாலர் பொய்ப்பணம், ஆறு மாத காலம். அமெரிக்கச் சந்தையில் உண்மையிலேயே கைமாறும் பழைய காமிக்ஸ் இதழ்களைத் தாளில் வாங்கி, தாளில் விற்க வேண்டும். கடைசி நாளில் யார் கையிருப்பு அதிகமோ அவருக்கே வெற்றி. வந்த கேள்விகளும் பதில்களும் கீழே.

கேள்வி: ஒரே இதழுக்குப் பத்து விலை கண்ணில் படுகிறது. எதை எடுத்துக்கொள்வது?

விற்று முடிந்த விலையை மட்டும். விற்பவர் கேட்கும் விலை அவருடைய ஆசை, அவ்வளவுதான். ஈபேயில் 'விற்றவை' என்று வடிகட்டிப் பாருங்கள். ஹெரிடேஜ் போன்ற ஏல நிறுவனங்களின் பழைய ஏல முடிவுகளையும் பாருங்கள். ஈபேயில் ஒரு பொறி உண்டு. பேரம் பேசி முடிந்த விற்பனைகளில் முதலில் கேட்ட விலைதான் கோடு போட்டுத் தெரியும், கைமாறிய தொகை தெரியாது. அந்த வரிகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஓவர்ஸ்ட்ரீட் விலைக் கையேடு 1970 முதல் வருகிறது. ஒரு கதாபாத்திரம் எந்த இதழில் அறிமுகமானது என்று பார்க்க அருமையான நூல். ஆனால் அதன் விலைப் பட்டியல் 9.2 கிரேடோடு (கிரேடு என்பது பிரதி எவ்வளவு நல்ல நிலையில் இருக்கிறது என்பதற்கான மதிப்பெண், உச்சம் 10) நின்றுவிடும், வெளிவருவதும் ஆண்டுக்கு ஒருமுறை. 2021இல் ஏறிய விலைகள் அடுத்த ஆண்டு எப்படிச் சரிந்தன என்று பார்த்தவர்கள், ஆட்டத்துக்குக் கையேட்டு விலையை எடுக்கமாட்டார்கள்.

கேள்வி: அப்படியென்றால் கடைசி விற்பனைகளின் சராசரியை எடுத்தால் சரியா?

சராசரி வேண்டாம், நடுவில் நிற்கும் விலையை எடுங்கள். ஓர் இதழ் ஒரே கிரேடில் 820, 850, 870, 880, 1,900 டாலருக்கு விற்றிருக்கிறது என்று வையுங்கள். சராசரி 1,064 வரும்; அந்த விலைக்குப் பக்கத்தில்கூட எந்தப் பிரதியும் போகவில்லை. நடு விலை 870. அந்த 1,900 என்னவென்று தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் ஓவியர் கையெழுத்திட்ட பிரதியாக இருக்கும்.

கடந்த 90 நாள் விற்பனைகளை எடுங்கள். மூன்றுக்குக் குறைவாக இருந்தால் ஓராண்டுக்கு நீட்டுங்கள். அப்போதும் மூன்று தேறாவிட்டால் அந்த இதழுக்கு ஆட்டத்தில் இடமில்லை.

கேள்வி: விற்கும்போது கமிஷன் கழிப்பதெல்லாம் எதற்கு அண்ணா? விளையாட்டுதானே?

கமிஷன் இல்லாவிட்டால் ஆட்டமே கெட்டுவிடும் தம்பி. நூறு டாலர் ஏறினால் விற்பது, இறங்கினால் வாங்குவது என்று தினமும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். பழைய காமிக்ஸ் அப்படி நகரும் சரக்கு அல்ல. விற்கும்போது 13 சதவீதம் கழியுங்கள். ஈபே எடுப்பதும் ஏறக்குறைய அதுதான். 1,000 டாலருக்கு வாங்கியதை அதே விலைக்கு விற்றால் கைக்கு 870தான் வரும். போட்ட பணம் திரும்பவே விலை 1,150ஐத் தொட வேண்டும். கடைசி நாள் கணக்கிலும் எல்லாவற்றையும் விற்றுவிட்டதாக வைத்து இந்த 13 சதவீதத்தைக் கழிக்க வேண்டும். இல்லையென்றால் வாங்கிப் போட்டுவிட்டுச் சும்மா இருப்பவருக்குச் சலுகை கொடுத்ததாகிவிடும்.

இன்னொன்று: ஹெரிடேஜ் பக்கத்தில் தெரியும் விலையில் வாங்குபவர் தரும் கூடுதல் கட்டணமும் சேர்ந்தே இருக்கும். அதைத் தனியாக மறுபடி கூட்டாதீர்கள்.

கேள்வி: 'ஹல்க் 181 வாங்கினேன்' என்று எழுதினால் போதாதா?

போதாது. பாதிச் சண்டைகள் இங்கேதான் கிளம்பும். ஒரு வரி இப்படி இருக்க வேண்டும்: இன்கிரெடிபிள் ஹல்க் 181, நவம்பர் 1974, சிஜிசி 6.0, நீல லேபிள், முதல் அச்சு, குறிப்பு இல்லை, வாங்கிய தேதி, விலை.

சிஜிசி என்பது பிரதியைச் சோதித்து, கிரேடு கொடுத்து, லேபிளோடு உறையில் அடைத்துத் தரும் நிறுவனம். கிரேடு 0.5 முதல் 10 வரை போகும். லேபிள் நிறம் அதைவிட முக்கியம். நீலம் வழக்கமான பிரதி. மஞ்சள், சாட்சி முன்னிலையில் கையெழுத்திட்டது. ஊதா, வண்ணம் பூசியோ தாள் ஒட்டியோ சீர்செய்தது. அதே கிரேடு நீலத்தைவிட மிக மலிவாகப் போகும். பச்சை, ஏதோ ஒரு பெரிய குறை உள்ளது. 'குறிப்பு' என்ற கட்டத்தை விட்டுவிடாதீர்கள். 1974இல் மார்வெல் தன் இதழ்களின் வாசகர் கடிதப் பக்கத்தில் சிறு ஸ்டாம்ப் அச்சிட்டு, வெட்டிச் சேகரிக்கச் சொன்னது. 181ஆம் இதழிலும் அது உண்டு. அட்டை பளபளவென்று 8.0 போலத் தெரியும் பிரதியில் உள்ளே அந்தச் சிறு சதுரம் கத்தரித்துப் போயிருக்கும், விலையும் கூடவே போயிருக்கும். 'இவ்வளவு மலிவா!' என்று யாராவது துள்ளினால் முதலில் லேபிளில் ஸ்டாம்ப் பற்றிய வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

அச்சும் அப்படியே. 1984இல் வந்த டீனேஜ் மியூட்டன்ட் நிஞ்ஜா டர்டில்ஸ் முதல் இதழின் முதல் அச்சு சுமார் 3,000 பிரதிகள்தான். மறு அச்சுகளின் விலையை அதோடு கலந்தால் கணக்கு முழுக்கப் பிசகும்.

கேள்வி: ஹல்க் 180இல்தானே வுல்வரின் என்ற நாயகன் முதலில் வருகிறார்? அதை வாங்கினால் மலிவில் முடியுமே?

180இன் கடைசிக் கட்டத்தில் தலைகாட்டுகிறார், உண்மைதான். ஆனால் முழுமையாக வரும் 181க்குத்தான் சந்தை பணம் கொட்டுகிறது, அதுவும் பல மடங்கு. இந்த ஆட்டத்தில் வரலாற்று நியாயத்துக்குப் புள்ளி கிடையாது.

கேள்வி: ஒரு காமிக்ஸ் கதாபாத்திரத்தை வைத்துத் திரைப்படம் அறிவித்த அன்றே ஒருவர் அதன் இதழ்களை பழைய 90 நாள் விலைக்கு வாங்கிக் குவித்துவிட்டார். எப்படித் தடுப்பது?

அருமையான ஓட்டை, எல்லாக் குழுவிலும் யாராவது கண்டுபிடிப்பார்கள். 90 நாள் விலை முதல் நாள் கொள்முதலுக்கும் கடைசி நாள் மதிப்பீட்டுக்கும் மட்டும் இருக்கட்டும். நடுவில் வாங்கவோ விற்கவோ நினைப்பவர் முதலில் எல்லோருக்கும் தேதி, நேரத்தோடு அறிவிக்க வேண்டும். அதற்குப் பிறகு பதிவாகும் மூன்று விற்பனைகளின் நடு விலைதான் அவருக்கு. அறிவித்த பின் பின்வாங்க முடியாது. இதில் இன்னொரு லாபமும் உண்டு: அடிக்கடி விற்காத இதழை வைத்திருப்பவர் மூன்று விற்பனைக்காக வாரக்கணக்கில் காத்திருப்பார், பணம் முடங்கும். நிஜத்திலும் அதுதான் நடக்கிறது.

படச் செய்தியில் ஏறும் விலை, படம் வெளியாகும் நேரத்தில் பெரும்பாலும் தளர்ந்துவிடும். ஆகவே செய்தி வந்தபின் ஓடுவதைவிட, வருமுன் வாங்கி, பரபரப்பில் விற்பவருக்கே வாய்ப்பு.

கேள்வி: ஆறு பேரும் ஒரே இதழை வாங்கினால்?

ஆட்டம் சப்பென்று போகும். சீட்டுக் குலுக்கி வரிசை வையுங்கள். முதல் சுற்று 1 முதல் 6, அடுத்தது 6 முதல் 1. ஒருவர் எடுத்த இதழை அதே கிரேடில் இன்னொருவர் எடுக்க முடியாது. ஒரே இதழில் 30 சதவீதத்துக்கு மேல், அதாவது 3,000 டாலருக்கு மேல் போடவும் கூடாது.

கேள்வி: கறுப்பு உறையில் வந்த சூப்பர்மேன் 75 மலிவாகக் கிடைக்கிறது. நூறு பிரதி வாங்கலாமா?

வாங்கலாம், தோற்கலாம். 1992இல் அதை லட்சக்கணக்கானவர்கள் 'நாளைக்கு விலை ஏறும்' என்றே வாங்கிப் பத்திரப்படுத்தினார்கள். 1991 எக்ஸ்-மென் முதல் இதழ் 80 லட்சத்துக்கும் மேல் விற்றது. எல்லோரும் பாதுகாத்து வைத்த பொருளுக்குத் தட்டுப்பாடு எங்கிருந்து வரும்? 80களுக்குப் பிந்தைய இதழ்களில் 9.8 மட்டுமே பார்க்கத் தக்கது. அதிலும் எத்தனை பிரதிகள் 9.8 வாங்கியிருக்கின்றன என்று சிஜிசியின் எண்ணிக்கைப் பட்டியலைப் பாருங்கள். அந்த எண் மாதாமாதம் கூடிக்கொண்டே போனால் விலைக்கு அது நல்லதல்ல.

கேள்வி: கிரேடு செய்யாத பிரதிகளை அனுமதிக்கலாமா?

பகடை இருந்தால் அனுமதிக்கலாம். விற்பவர் 9.4 என்கிறார், நீங்கள் வாங்குகிறீர்கள், கிரேடுக் கட்டணத்தைக் கழிக்கிறீர்கள், பகடை உருட்டுகிறீர்கள். 6 விழுந்தால் சொன்ன கிரேடு. 3, 4, 5 என்றால் ஒரு படி இறக்கம், 9.2. 1, 2 என்றால் இரண்டு படி, 9.0. 1 விழுந்தவர் மறுபடி உருட்ட வேண்டும். இரண்டாவதும் 1 என்றால் ஊதா லேபிள். கொடூரமாகத் தெரியலாம். ஆனால் விற்பவர்கள் தாராளமாகவே கிரேடு சொல்வார்கள், பகடை அதைத்தான் காட்டுகிறது.

கேள்வி: விலை இறங்கும் என்று பந்தயம் கட்டலாமா?

கூடாது. காமிக்ஸில் அப்படி ஒரு சந்தை இல்லை.

கேள்வி: நடுவில் ஒருவர் விலகிப்போனால் அவருடைய இதழ்கள்?

அன்றைய நடு விலையில் மற்ற ஐவருக்கும் இரண்டு வாரம் திறந்துவிடுங்கள். ஒரே இதழை இருவர் கேட்டால், அப்போது கடைசி இடத்தில் இருப்பவருக்கு முன்னுரிமை. யாரும் தொடாதவை ஆட்டத்தை விட்டு நீங்கும், அவர் எடுத்து வைத்திருந்த கிரேடும் மறுபடி எல்லோருக்கும் திறந்துவிடும்.