கேளுங்கள்: எல்க் மானுக்கு எந்த அம்பு முனை?

கேள்வி: என் தம்பி அமெரிக்காவில், கொலராடோவில் வேலை பார்க்கிறான். மரவில்லில் எல்க் மான் வேட்டைக்குப் போக லைசென்ஸ் எடுத்திருக்கிறான். கடையில் விரியும் முனை, இரண்டு அலகு (வெட்டும் தகடு) முனை, மூன்று அலகு முனை என்று குழப்புகிறார்களாம். நம்மூர்க் கொல்லரிடம் அடித்து அனுப்பலாமா?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: கொல்லுப்பட்டறையில் பிறந்து, ஓசூர் டூல்ரூமில் 26 வருஷம் நின்றவனிடம் கேட்டுவிட்டீர்கள். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

விரியும் முனை வேண்டாம். அதன் அலகுகள் மடங்கியிருந்து, உடம்பில் பட்டதும் விரியும். விரிவதற்கே அம்பின் சக்தியில் ஒரு பங்கு போய்விடும். கப்பி வைத்த காம்பவுண்ட் வில் அதைத் தாங்கும், மரவில் தாங்காது. ஆண் எல்க் 300 கிலோவுக்கு மேல்கூடப் போகும். அதற்கு நுனியிலிருந்தே வெட்டிக்கொண்டு நுழைகிற, அசையாத இரண்டு அலகு முனைதான் சரி. அகலத்தைப் போல மூன்று மடங்கு நீளம் இருந்தால் இன்னும் நல்லது. கொலராடோ விதிப்படி அகலம் 7/8 அங்குலத்துக்குக் குறையக் கூடாது.

முனையின் எடையை கிரெய்ன் என்ற அளவில் சொல்வார்கள். 125 கிரெய்ன் ஏறக்குறைய ஒரு பவுன். 200 கிரெய்ன் ஒன்றரைப் பவுனுக்கு மேல். கனமான முனை நல்லது என்று கேள்விப்பட்டதும் அவசரப்பட வேண்டாம். முனை கனத்தால் அம்பின் குச்சி கூடுதலாக வளையும், அதற்கேற்ற விறைப்பான குச்சி வேண்டும். 125க்கு வாங்கிய குச்சியில் நான் 200ஐ மாட்டி வைக்கோல் போருக்கு விட்டேன். பாம்பு மாதிரி நெளிந்து போய்ப் பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகைக் கூரையில் செருகிக்கொண்டது. அந்த அக்கா இன்னமும் என்னோடு பேசுவதில்லை.

அப்புறம் கூர். துப்பாக்கிக் குண்டு போல அதிர்ச்சியில் வீழ்த்துவதில்லை அம்பு, ரத்தம் வடிந்துதான் மிருகம் விழும். பாலக்கோட்டுத் தக்காளியை மழுங்கின கத்தியால் அறுத்துப் பாருங்கள், தோல் அமுங்கும், வெட்டுப்படாது. மழுங்கின அலகுக்கு முன்னால் ரத்தக்குழாயும் அப்படித்தான் நழுவும். கடையில் வாங்கிய புது முனையையும், முன்கை ரோமம் மழியும் அளவுக்குக் கூர் வரும்வரை சாணைக்கல்லில் தேய்க்க வேண்டும். மரக்குச்சியாக இருந்தால் அதன் நுனியை 5 டிகிரி சரிவில் சீவி, சூட்டுப் பசையில் முனையை ஒட்டுவார்கள். ஒட்டியதும் முனையைக் கட்டைவிரல் நகத்தில் ஊன்றி அம்பைச் சுழற்றச் சொல்லுங்கள். நகத்தில் குடைச்சல் தெரிந்தால் சூடுகாட்டி மறுபடி ஒட்ட வேண்டும்.

நம்மூர்க் கொல்லர்? லாரி ஸ்பிரிங் பட்டையில் அப்பா அடித்த கொடுவாள் இன்னும் என் வீட்டில் இருக்கிறது, அந்த எஃகைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சம்மட்டியில் ஆறு முனை அடித்தால் ஆறு எடை வரும். தம்பி வீட்டுச் சுவரில் மாட்ட ஒன்று அடித்து அனுப்புங்கள், போதும்.

கேள்வி: காட்டுப்பன்றி நிலக்கடலையை உழுதுபோட்டுவிட்டது. இதே வில்லால் அடிக்கலாமா?
– வாசகர், அஞ்செட்டி

பதில்: கூடாது. 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வில்லுக்கென்று தனிச் சலுகை ஏதுமில்லை. தீனிக்குள் வெடி மறைத்து வைக்கும் அவுட்டுக்காயும் வேண்டாம், அதை மாடு கடித்தாலும் வாய் போய்விடும். சேதத்தைப் போட்டோ எடுத்து, வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டு மனு கொடுங்கள். கடலையை அறுவடை செய்வதற்கு முன்னாலேயே போங்கள், வந்து பார்ப்பவருக்குக் குழி தெரிய வேண்டும்.